கலைச்சொல் விளையாட்டாகட்டும்!

ஒரு மொழி உரத்தோடு வாழ்கின்றதா, பேச்சளவில் ஒட்டிக்கொண்டிருக்கின்றதா என்று அறிய விரும்புவோர், அம் மொழியின் பழம்பெருமையை அளந்து பார்க்க வேண்டுவதில்லை. எட்டு அகவைக் குழந்தை ஒன்று அம் மொழியிலேயே எண்ணவும், அளக்கவும், பிரித்துப் பார்க்கவும், 'இஃது ஏன் இவ்வாறாயிற்று?' என்று வினவவும் இயலுகின்றதா என்று பார்த்தால் போதும். குழந்தையின் நாவில் கலைச்சொல் இயல்பாக வந்தமர்ந்த மொழி வாழும். அகரமுதலிகளில் மட்டும் கலைச்சொல் அடுக்கப்பெற்ற மொழியோ, பூட்டிய களஞ்சியத்தின் வாயிலில் பசித்துக் கிடக்கும் உழவனை ஒக்கும்.

தமிழின் களஞ்சியம் வெறுங் களஞ்சியமன்று. 1847இல் யாழ்ப்பாணத்திற்கு வந்து 1873 வரை மானிப்பாயில் மருத்துவம் பயிற்றிய சாமுவேல் கிரீன் என்னும் அமெரிக்கர், மேலை மருத்துவ நூல்களைத் தமிழாக்கித் தமிழிலேயே மருத்துவர்களை உருவாக்கினார். மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கங் கண்ட அதே 1916ஆம் ஆண்டில், சேலத்தில் இராசாசி முதலியோர் அறிவியற் சொற்களைத் தமிழிற் காண்பதற்கென ஒரு கழகம் அமைத்தனர். 1938இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 'கலைச்சொற்கள்' எனும் தொகுப்பை வெளியிட்டது. கொங்கு நாட்டின் பங்கும் சிறிதன்று. கோவையிலிருந்து வெளிவந்த 'கலைக்கதிர்' அறிவியலைத் தமிழில் எழுதிக் காட்டியது. கொங்கு மண்ணிற் பிறந்த பெரியசாமித் தூரன் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகத் தமிழ்க் கலைக்களஞ்சியத்தையும், அதன்பின் 1976 வரை குழந்தைகளுக்கெனவே பத்துத் தொகுதிகளையும் பதிப்பித்தார்.

இத்துணை உழைப்பும் எங்குச் சென்று சேர்ந்தது என்பதே வினா. கலைச்சொல் ஆக்கிய அறிஞர் பெருமக்கள் பெரும்பாலும் உயர்நிலைப் பள்ளியையும் கல்லூரியையும் நோக்கியே சொல் யாத்தனர். அச் சொற்கள் தொடக்கப்பள்ளிப் பாடநூலுக்குள்ளும் வந்து சேர்ந்தன. ஆயின் எவ்வாறு வந்தன? பாடத்தின் ஓரத்தில் கட்டமிட்டு, பொருள் எழுதி, நெட்டுருச் செய்து தேர்வில் ஒப்பிக்கும் சுமையாக வந்தன. தமிழ்க் குழந்தைக்குத் தமிழ்ச் சொல்லே அயற்சொல் போல ஆயிற்று. இக் குறைக்கு ஆங்கில மயக்கத்தை மட்டும் பழித்தல் போதாது. சொல்லைப் படைத்ததோடு கடமை முடிந்ததெனக் கருதிய தமிழன்பர்களும், சொல்லைக் கரும்பலகையில் எழுதியதோடு கற்பித்தல் முடிந்ததெனக் கருதிய ஆசிரியர்களும் இக் குறையிற் பங்குடையவர்களே.

இஃது ஏன் இன்று உடனே எண்ணிப் பார்க்க வேண்டியதாயிற்று என்பதற்குச் சட்டத்தின் வரலாறே விடை கூறும். 1999இல் தமிழ்நாட்டரசு, ஐந்தாம் வகுப்பு வரை தாய்மொழியே அல்லது தமிழே பயிற்றுமொழியாதல் வேண்டும் என ஆணையிட்டது. 2000இல் சென்னை உயர்நீதிமன்றம் அவ் வாணையை நீக்கிற்று. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் தமிழை ஒரு பாடமாக்கிற்றேயன்றிப் பயிற்றுமொழியாக்கவில்லை. 2012-13ஆம் கல்வியாண்டு தொடங்கி அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் புகுந்தன. 2014 மேத் திங்களில், கருநாடகத்து வழக்கொன்றில், தொடக்கக் கல்வியில் தாய்மொழிவழியை அரசு கட்டாயமாக்கவியலாது என உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே, சட்டத்தின் கதவு இப்பொழுதைக்கு அடைபட்டுக் கிடக்கின்றது. திறந்துள்ள கதவு ஒன்றே. தமிழ்வழியிற் படிக்கும் குழந்தை பிற குழந்தைகளைவிடத் தெளிவாக அறிகின்றது, மகிழ்ச்சியோடு அறிகின்றது என்று பெற்றோர் தம் கண்ணாற் காணச் செய்தலே அது. ஆணையாற் செய்யவியலாததைக் குழந்தையின் களிப்பாற் செய்தல் இயலும்.

இதற்குப் பல்லடத்தையே எடுத்துக்காட்டாகக் கொள்க. 2009இல் திருப்பூர் மாவட்டம் அமையும் வரை கோவை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர், ஒரு பக்கம் விசைத்தறியும், மற்றொரு பக்கம் கறிக்கோழிப் பண்ணையும், வடக்கே திருப்பூரை நோக்கிய சாலை நெடுகப் பின்னலாடைத் தொழிலும் சூழ்ந்தது. தறியில் நிற்கும் தந்தையும், பின்னலாடை நிறுவனத்தில் பிசிறு வெட்டியும் கைமடித்தும் பொழுது கழிக்கும் தாயும் தம் கூலியிற் பெரும்பங்கை எதற்குச் செலவிடுகின்றனர்? ஆங்கிலவழிப் பள்ளியின் கட்டணத்திற்கும், அப் பள்ளியின் ஊர்திக்கும், மாலைநேரத் தனிப்பயிற்சிக்கும் செலவிடுகின்றனர். மாலையில் வீடு திரும்பும் அக் குழந்தை 'பெரிமீட்டர்' என்று முழங்குகின்றது, பெற்றோர் பூரிக்கின்றனர். 'அஃதென்ன?' என்று கேட்டால் குழந்தைக்கும் தெரியாது, கேட்டவர்க்கும் தெரியாது. 'சுற்றளவு' என்று ஒரு சொல் சொல்லியிருந்தாலோ, இருவர்க்கும் அப்பொழுதே விளங்கியிருக்கும். துணியின் ஓரத்தைச் சுற்றித் தைத்து நாள்தோறும் கூலி பெறும் தாய்க்குச் சுற்றளவைப் பிறர் கற்பிக்க வேண்டுமா?

ஈண்டு ஓர் உண்மையைத் தெளிந்துகொள்ளல் வேண்டும். 'பெரிமீட்டர்' ஆங்கிலச் சொல்லன்று, அது கிரேக்கம். 'பெரி' என்பது சுற்று. 'மெட்ரான்' என்பது அளவு. கிரேக்கர் தம் மொழியில் எவ்வாறு சொல் அமைத்தனரோ அவ்வாறே தமிழர் 'சுற்றளவு' என அமைத்தனர். கிரேக்கக் குழந்தைக்கு அச் சொல் கண்ணாடி; ஆங்கிலக் குழந்தைக்கே அது மூடிய பெட்டி; தமிழ்க் குழந்தைக்கோ பெட்டிக்குள் வைத்த மற்றொரு பெட்டி. செருமானியர் இதனை நன்குணர்ந்தவர். உயிர்வளியைப் 'புளிப்புப் பொருள்' என்றும், நீரகத்தை 'நீர்ப்பொருள்' என்றும், பாலூட்டியைப் 'பாலூட்டும் விலங்கு' என்றும் பொருள்படத் தம் மொழியிலேயே வழங்குகின்றனர். நான்கு இலக்கத்திற்கும் குறைந்த மக்களைக் கொண்ட ஐசுலாந்து, 'எண்', 'குறிசொல்பவள்' எனும் தன் பழஞ்சொற்களை இணைத்துக் கணினிக்குப் பெயரிட்டுக்கொண்டது. எட்டுக் கோடி மக்கள் வாழும் தமிழ்நாட்டில் அதற்கு நாணம் ஏன்?

இனி, விளையாட்டு என்பது யாது? பாடலைக் கூவித் தாளம் தட்டுதல் மட்டும் விளையாட்டாகாது. பழைய திண்ணைப் பள்ளியில் எண்சுவடியைத் தாளத்தோடு ஓதினர். பிரம்பும் கூடவே நின்றது. ஓசை நெஞ்சில் நின்றது. பொருள் எல்லார் நெஞ்சிலும் நின்றதென்று சொல்லவியலாது. பொருள் முதலிற் கைக்கு வருதல் வேண்டும், பின்னர்க் கண்ணுக்கு, அதன்பின் வாய்க்கு, இறுதியாக எழுதுகோலுக்கு. இவ் வொழுங்கில் வரும் சொல் மறவாது.

வீட்டு அடுக்களையிலிருந்தே தொடங்கலாம். கலவைகளைப் பிரிக்கும் முறைகளாகப் பாடநூல் கூறுவன எவை? தெரிந்தெடுத்தல், சலித்தல், தூற்றுதல், படியவைத்தல், தெளியவைத்து இறுத்தல், வடிகட்டுதல் என்பன. இவற்றுள் ஒன்றேனும் குழந்தை அறியாததுண்டோ? அரிசியிற் கல் பொறுக்கும் பாட்டி தெரிந்தெடுக்கின்றாள். மாவு சலிக்கும் தாய் சலிக்கின்றாள். சோளம் தூற்றும் களத்தில் காற்றே ஆசிரியன். ஆங்கிலத்திற் 'டிகாண்டேசன்' என்று நெட்டுருச் செய்ய ஒரு கிழமை வேண்டும். தமிழில் 'இறுத்தல்' என்பதற்கு ஓர் அடுக்களை போதும். வகுப்பில் ஆறு தட்டுகளில் ஆறு கலவைகளை வைத்து, ஒரு குழுவினர் செய்து காட்ட, மற்றொரு குழுவினர் அச் செயலின் பெயரைச் சொல்லும் போட்டி நடத்தினால், அரைமணிப் பொழுதில் ஆறு கலைச்சொற்களும் குழந்தைகளுக்கு உரிமையாகிவிடும்.

அடுத்து, தறி. பல்லடத்துக் குழந்தைக்குப் 'பாவு', 'ஊடை', 'நாடா', 'தார்' எனும் சொற்கள் தாய்ப்பாலோடு வந்தவை. பழைய அட்டையொன்றின் இரு விளிம்புகளிலும் பத்துப் பத்து வெட்டுகள் இட்டுக் கழிவு நூலைப் பாவாக ஓட்டச் செய்க. அருகருகே ஓடி எங்கும் ஒன்றையொன்று தொடாத அந் நூல்களே இணைகோடுகள். ஊடை நூல் குறுக்கே நுழைந்து நிற்கும் மூலையே செங்கோணம். மேலும் கீழுமாக மாறிமாறி நுழையும் ஒழுங்கே அமைப்பு. கணக்கு நூலின் மூன்று சொற்கள் தந்தையின் தறியிலேயே தொங்கிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பறித்துத் தரும் கைதான் பள்ளியில் இல்லை.

தையலிற் கழியும் வெட்டுத் துணிகள் திருப்பூர்ப் பக்கத்தில் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். ஆறு விரற்கடை நீளமும் நான்கு விரற்கடை அகலமும் உடைய ஒரு துண்டும், நாற்புறமும் ஐந்து விரற்கடையான மற்றொரு துண்டும் வெட்டித் தருக. ஓரத்தைச் சுற்ற எவ்வளவு நூல் வேண்டும்? இரண்டிற்கும் இருபதே. ஒரு விரற்கடைச் சதுர அட்டைகளால் மூடினால் எத்தனை வேண்டும்? முன்னதற்கு இருபத்து நான்கு, பின்னதற்கு இருபத்தைந்து. சுற்றளவு ஒன்றாயிருக்கப் பரப்பளவு மாறுகின்றதே என்று குழந்தை வியக்கும் அந்த நொடியில் இரு சொற்களும் இரு பொருளாகப் பிரிந்து நெஞ்சிற் பதியும். அவ் வியப்பை எந்த அகரமுதலியும் தரவியலாது.

பல்லாங்குழியை எடுத்துக்கொள்க. கையில் முப்பத்தைந்து புளியங்கொட்டைகள், எட்டுக் குழிகள். சமமாக இட்டுச் சென்றால் குழிக்கு நான்கு விழும். கையில் மூன்று எஞ்சும். ஒவ்வொரு குழிக்கும் ஈந்தது 'ஈவு'. கையில் மீந்தது 'மீதி'. ஈதலிலிருந்து ஈவு, மீதலிலிருந்து மீதி. கணக்குச் சொல்லுக்குள் ஓர் அறமே அடங்கியிருத்தலைக் குழந்தை உணரும்.

கொங்கு நாட்டில் மீண்டும் பரவியுள்ள வள்ளிகும்மியும் துணைக்கு வரும். வட்டமாக நிற்கும் குழந்தைகளின் நடுவில் நிற்பவர் 'மையம்'; அவரிடமிருந்து வட்டத்திற்குப் பிடித்த கயிறு 'ஆரம்'. ஈழத் தமிழர் இதனை 'ஆரை' என்பர். வண்டியுருளையின் ஆரைக்காலை நினைவூட்டும் அழகிய சொல் அது. மையத்தின் வழியே இப்பக்கமிருந்து அப்பக்கம் பிடித்த கயிறு 'விட்டம்'. வீட்டுக் கூரையைத் தாங்கும் விட்டமும் அதுவே. இனி, நடுவில் நிற்பவர் கதிரவன் ஆகட்டும். தன்னைத்தானே சுற்றும் குழந்தை காட்டுவது தற்சுழற்சி. அதனால் வருவன பகலும் இரவும். நடுவிலுள்ளவரைச் சுற்றி வட்டமிடுதல் சுற்றிவருதல். அதனால் வருவது ஆண்டு. பெரியோரும் குழப்பிக்கொள்ளும் இவ் விரண்டையும் கும்மியாடிய குழந்தை குழப்பிக்கொள்ளாது.

உயிர்களின் வகையைக் கற்பிக்க நிலத்தில் ஒரு கோடு போதும். ஒரு பக்கம் நீர், மறுபக்கம் நிலம். 'மீன்' என்றால் நீர்ப்பக்கம் ஓடுதல். 'ஊர்வன' என்றால் தவழ்தல். 'இருவாழ்வி' என்றால் கோட்டின் இருபுறமும் கால் வைத்து நிற்றல். தவளை ஏன் இருவாழ்வி என்பதை இதன்பின் விளக்க வேண்டுவதில்லை. கோழிப்பண்ணை சூழ்ந்த ஊரில், இருபத்தொரு கட்டங்களை வரைந்து, நாளுக்கொரு கட்டமாகக் கரு வளர்வதைக் குறித்துவந்தால், வெண்கரு, மஞ்சட்கரு, அடைகாத்தல், பொரித்தல் என ஒரு தொகுதிச் சொற்களே உடன்வரும்.

இவற்றிற்கெல்லாம் முடிமணியாக அமைவது வேர்ச்சொல் மரம். அடிமரத்தில் 'கரை' என்று எழுதிச் சுவரில் மாட்டுக. உப்பைக் குழந்தைகளே நீரிற் கரைத்துப் பார்த்தபின், கிளைகளில் ஒவ்வோர் இலையாகக் கரைதல், கரைசல், கரைபொருள், கரைப்பான், கரையாப்பொருள் என ஒட்டிவரட்டும். மற்றொரு மரத்தில் 'அள' என்பது அடி. அளவு, அளவை, அளவுகோல், சுற்றளவு, பரப்பளவு, கொள்ளளவு என்பன இலைகள். ஒரு வேரைக் கற்ற குழந்தை ஆறு சொற்களை அறிகின்றது. ஏழாவதைத் தானே ஆக்கவும் துணிகின்றது. குழந்தைகள் ஆக்கும் சொல்லைக் கேட்டு நகையாடுதல் கூடாது. ஒரு பொருளைக் காட்டி, 'இதற்கு நீங்களே பெயர் வையுங்கள்' என்று சொல்லி, வந்த பெயர்களைப் பாடநூற் சொல்லோடு ஒப்பிட்டுப் பார்க்கச் செய்தலே விளையாட்டுகளுள் தலையாயது. தனித்தமிழ் உணர்வு அறிவுரையாற் புகட்டப்படுவதன்று. சொல்லாக்கும் இன்பத்தை ஒருமுறை சுவைத்தவர்க்கு அது தானே வரும்.

இவ் விளையாட்டில் ஒரு நன்மை பெரியவர்க்கும் உண்டு. பாடநூலில் எச் சொல் உயிருடையது, எச் சொல் உயிரற்றது என்பதைக் குழந்தையே காட்டிக்கொடுக்கும். செங்கோண முக்கோணத்தின் நீண்ட பக்கத்தைத் தமிழ்நாட்டுப் பாடநூல் 'கர்ணம்' என்கின்றது. அச் சொல்லைப் பிடித்துக்கொள்ளக் குழந்தைக்கு ஒரு வேரும் கிடைப்பதில்லை. ஈழத்துப் பாடநூல் 'செம்பக்கம்' என்கின்றது. பக்கம் என்பதும் செங்கோணம் என்பதும் அறிந்த குழந்தை அதனை எளிதிற் பற்றிக்கொள்ளும். நல்ல சொல் எக் கரையில் இருந்தாலும் எடுத்துக்கொள்ளல் அறிவுடைமை.

'மேற்படிப்பில் ஆங்கிலக் கலைச்சொல்தானே வேண்டும்?' என்பார் உளர். வேண்டுமாயின் அப்பொழுது கற்கட்டும். பொருளை அறிந்தவனுக்கு மற்றொரு பெயர் கற்க ஒரு நாள் போதும். பொருளறியாது பெயரை மட்டும் அறிந்தவனுக்குப் பத்தாண்டும் போதா. மற்றும், பின்னலாடைத் தொழிலை நாடிப் பீகார், ஒடிசா முதலிய நாடுகளிலிருந்து வந்தோரின் குழந்தைகளும் இவ் வட்டாரத்துப் பள்ளிகளிற் பயில்கின்றனர். தமிழ் எழுத்தே அறியாத அக் குழந்தைகளுக்கும் அட்டைத் தறியும் பல்லாங்குழியும் கண்ணும் கையும் அறிந்த மொழியாகும். அவற்றின் வழியே தமிழ்ச் சொல்லும் எளிதில் உட்புகும். தமிழ்நாட்டில் வாழ வந்த குழந்தையைத் தமிழுக்குள் அன்போடு அழைத்துக்கொள்ளுதலும் தமிழ்ப்பணியே.

இஃது ஏதோ வகுப்பறைக் களியாட்டம் என்று எவரும் எண்ணற்க. பல்லடத்திற்கு வடக்கே ஓடும் நொய்யலாறு சாயக்கழிவாற் கெட்ட வரலாறு யாவரும் அறிந்ததே. உழவர்க்காக 1992இல் முடிவுற்ற ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமாயிற்று. 2011 சனவரியில் சாயப்பட்டறைகளை மூட உயர்நீதிமன்றம் ஆணையிட வேண்டியதாயிற்று. கரைசல், செறிவு, வீழ்படிவு, வடிநீர் என்பன அந்த ஆற்றங்கரைக் குழந்தைக்குத் தேர்வுச் சொற்கள் மட்டும் அல்ல. தன் கிணற்றுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்பதற்குரிய சொற்கள். சொல் இல்லாதவன் முறையிடவும் இயலாது. 'தண்ணீர் கெட்டுப்போயிற்று' என்று மட்டும் சொல்லத் தெரிந்த தொழிலாளியை ஒரு தாளைக் காட்டி வாயடைக்கலாம். 'இந் நீரிற் கரைந்துள்ள உப்பின் செறிவு எவ்வளவு?' என்று தமிழிற் கேட்கத் தெரிந்த அவன் மகளை வாயடைத்தல் எளிதன்று. கலைச்சொல் உழைப்பவர் வீட்டில் ஓர் உரிமைக் கருவியாகும்.

தமிழ்நாட்டரசு 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பாட்டும் பொம்மையும் ஆடலும் கொண்டு தொடக்க வகுப்புகளில் எழுத்தையும் எண்ணையும் கற்பிக்க முற்பட்டமை போற்றத்தக்கது. அதற்கு முன்பே, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர்த் தமிழ்நாடு முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல், அட்டைகளையும் செயல்களையும் வகுப்பறைக்குக் கொண்டுவந்தது. ஆகலின் வழி புதிதன்று; அவ் வழியிற் கலைச்சொல்லையும் ஏற்றிச் செல்லுதலே எஞ்சிய பணி. எண்ணுக்கும் எழுத்துக்கும் தந்த இடத்தைக் கலைச்சொல்லுக்கும் அரசு தருதல் வேண்டும். ஒவ்வொரு வட்டாரத்திலும் உள்ள தொழிற்சொற்களை, பல்லடத்தில் தறிச்சொல்லும் தூத்துக்குடியில் உப்பளச் சொல்லும் தஞ்சையில் வயற்சொல்லும் என, பாடநூற் சொல்லோடு இணைத்துக் காட்டும் சிறு கைந்நூலை ஆசிரியர்க்கு வழங்குதல் வேண்டும்.

அரசு செய்யும் வரை தமிழன்பர் காத்திருக்க வேண்டுவதில்லை. பல்லடத்துத் தமிழ்மன்றங்கள் ஞாயிறுதோறும் ஒரு மணிப்பொழுதைக் குழந்தைகளுக்கு ஒதுக்குக. கிழமைக்கு ஐந்து சொற்கள் போதும். ஐம்பது சொற்களைத் திணித்துக் குழந்தையை வெருட்டற்க. இக் கிழமை விளையாடிய சொல் அடுத்த கிழமையும், அதன் பின்னும் வேறு விளையாட்டில் மீண்டும் வரட்டும். தறி நெய்வோரையும் தையற்கலை அறிந்த தாய்மாரையும் பள்ளிக்கு அழைத்து, அவர்தம் கைத்திறத்தையே அன்றைய பாடமாக்குக. தன் தந்தையின் தொழிற்சொல் தன் பாடநூலின் வாயிலில் நிற்பதைக் காணும் குழந்தை தந்தையையும் மதிக்கும், தமிழையும் மதிக்கும். ஆங்கிலம் படித்தால்தான் அறிவு என்று எண்ணிக் கூனியிருந்த அத் தந்தையும் நிமிர்வான்.

மேடையில் முழங்கும் தமிழ் மாலைப்பொழுதோடு ஓயும். குழந்தை விளையாடிக் கற்ற தமிழ் அடுத்த தலைமுறைக்கும் நீளும். பல்லடத்தின் ஒரு தொடக்கப்பள்ளியில், ஓர் அட்டைத் தறியோடும் ஒரு பல்லாங்குழியோடும் இப் பணி வரும் ஞாயிறே தொடங்கப்பெறுவதாக!